ஏசி போட்டால் சூடு குறையும் கார்

கார் ஹீட் ஆனால் முதலில் ஏசியை நிறுத்து என்பார்கள். என் வண்டியில் ஏசியை நிறுத்தினால்தான் ஹீட் ஏறியது. இந்த ஒரு விஷயத்தை முதல் நாளே உட்கார்ந்து யோசித்திருந்தால் மூன்று வாரமும் 2,800 ரூபாயும் மிஞ்சியிருக்கும். யோசிக்கவில்லை. அதனால் இந்தப் பதிவு.

வண்டி பெட்ரோல் ஹேட்ச்பேக், பதினோரு வயது, என் கைக்கு வந்து ஆறு வருடம். ரேடியேட்டருக்குப் பின்னால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஃபேன். ஒன்று ரேடியேட்டர் ஃபேன், கூலன்ட் (இன்ஜின் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் திரவம்) சூடானால் ஓடும். இன்னொன்று ஏசி ஃபேன், ஏசி போட்டால் ஓடும். ஏசி போட்டால் இரண்டுமே ஓட வேண்டும் என்பதுதான் இந்த வண்டியின் ஏற்பாடு.

மே மாதம், சேலம், மத்தியானம் இரண்டு மணி. ஐந்து ரோடு சிக்னலில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி எழுந்தது. நல்ல பிள்ளையாக ஏசியை நிறுத்தினேன். முள் இன்னும் வேகமாக ஏறியது. ஓரங்கட்டி நிறுத்தி, ஹீட்டரை முழுசாகத் திருப்பி, ப்ளோயரை உச்சத்தில் வைத்து, நாலு கண்ணாடியையும் இறக்கினேன். அந்த வெயிலில் ஹீட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவனைப் பார்த்த பைக்காரர் முகத்தை மறக்க முடியாது. ஆனால் ஹீட்டர் என்பது டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். இன்ஜின் சூட்டை நம் மேல் திருப்பிவிட்டு அதைக் காப்பாற்றும். முள் இறங்கியது. ரேடியேட்டர் மூடியைத் திறக்கவில்லை. சூட்டில் அதைத் திறக்கவே கூடாது. மூடியில் 1.1 என்று அச்சடித்திருக்கும். உள்ளே அவ்வளவு பார் அழுத்தம் ஏறும்வரை மூடி தாங்கும், அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே சுமார் 120 டிகிரிவரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய்விடும், அத்தனையும் ஒரே சமயத்தில் கொதித்து முகத்துக்கு வரும்.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ரேடியேட்டர் அடைப்பு என்றார்கள். கழற்றி அலசினார்கள். கூடவே தெர்மோஸ்டாட் வால்வையும் எடுத்துவிட்டு, "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குங்க" என்று கையில் கொடுத்தார்கள். நானும் தலையாட்டிவிட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் அதே சிக்னல், அதே முள்.

அன்று இரவு ஒரு ஓபிடி டாங்கிளை (வண்டியின் கம்ப்யூட்டர் எண்களைப் போனுக்கு அனுப்பும் சின்னக் கருவி) ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகி, போனில் கூலன்ட் சூட்டை எண்ணாகப் பார்க்க ஆரம்பித்தேன். இதைச் செய்த பிறகுதான் டேஷ்போர்டு முள் எவ்வளவு பெரிய நடிகன் என்று தெரிந்தது. 80 முதல் 105 டிகிரிவரை அது நடுவிலேயே அசையாமல் நிற்கிறது. ஓட்டுபவர் பதறக் கூடாது என்று அப்படித்தான் பல வண்டிகளில் அமைத்திருக்கிறார்கள். முள் எழும்போது பாதிக் கதை முடிந்திருக்கும்.

எண்கள் இப்படி வந்தன. பைபாஸில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் எந்தப் பிரச்சினையும் இல்லை. ஊருக்குள் ஊர்ந்தால், ஏசி இல்லாமல் 108, இன்னும் ஏறிக்கொண்டே போகும். ஏசி போட்டால் 100-க்குப் பக்கத்தில் நின்றுகொள்ளும். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும், ஃபேன் தேவையே இல்லை. நின்றால்தான் ஃபேன் வேலை செய்ய வேண்டும். ரேடியேட்டர் அடைப்பென்றால் பைபாஸில் ஏற்றத்தில் மிதிக்கும்போதும் சூடு ஏறியிருக்க வேண்டும். ஆக சந்தேகம் ஃபேன் மேல். ஏசி போட்டால் குறைகிறது என்றால் ஏசி ஃபேன் ஒழுங்காக ஓடி, தன் பங்குக்கு ரேடியேட்டரின் ஒரு பாதியைக் குளிர்விக்கிறது. ரேடியேட்டர் ஃபேன் படுத்துவிட்டது. இதை இவ்வளவு தெளிவாக இப்போது எழுதுகிறேன். அன்று "ரேடியேட்டர் ஃபேன் மோட்டார் போச்சு" என்பதோடு என் மூளை நின்றுவிட்டது.

பானட்டைத் திறந்து பார்த்தால், ஏசி போட்டதும் ஏசி ஃபேன் சீறுகிறது. ரேடியேட்டர் ஃபேன் கல்யாண மண்டபத்துப் பழைய மின்விசிறி மாதிரி ஒவ்வொரு இறக்கையாக எண்ணும்படி சுற்றுகிறது. காலையில் கொஞ்சம் பரவாயில்லை, மத்தியானம் சில சமயம் நின்றே விடுகிறது. செய்தித்தாளில் ஒரு பக்கத்தைக் கிழித்து முன் கிரில்லில் வைத்தேன். ஏசி ஃபேன் பக்கம் ஒட்டிக்கொண்டது, இந்தப் பக்கம் வழுக்கி விழுந்தது.

ஃப்யூஸ் பார்த்தேன், 30 ஆம்பியர், முழுசாக இருந்தது. ஃபேனுக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலே இரண்டு ஃபேனுக்கும் ஒரே மாதிரி என்பதால் இடம் மாற்றிப் போட்டேன், வித்தியாசம் இல்லை. பிறகு ரேடியேட்டர் ஃபேன் ரிலேயைப் பிடுங்கிவிட்டு, அதன் சாக்கெட்டில் 30, 87 என்று எண் போட்ட இரண்டு துளைகளையும் ஒரு தடிமனான ஒயர்த் துண்டால் இணைத்தேன். பேட்டரியிலிருந்து வரும் கரண்ட் 30-ல் நிற்கும், ஃபேனுக்குப் போவது 87. ரிலேயின் வேலையே இந்த இரண்டையும் சேர்ப்பதுதான். 85, 86 இரண்டும் அதற்கு உத்தரவு வரும் சுருளின் முனைகள், அவற்றைத் தொடக்கூடாது. இணைத்ததும் ஃபேன் அதே சோம்பலோடு சுற்றியது. அதாவது சென்சார், கம்ப்யூட்டர், ரிலே எல்லாம் நிரபராதி.

இங்கேதான் தப்பு செய்தேன். ஃபேனின் கப்ளரை (ஒயரை மோட்டாரோடு இணைக்கும் பிளக்) கழற்றி, ஒயர் பக்கத்து இரண்டு பின்னிலும் மல்டிமீட்டரை வைத்தேன். 12.4 வோல்ட். பேட்டரியிலும் 12.4. கரண்ட் முழுசாக வருகிறது, மோட்டார்தான் வாங்கிக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டினேன். ஸ்பேர்ஸ் கடைக்குப் போய் 2,800 கொடுத்துப் புது மோட்டார் வாங்கி, பம்பரைக் கழற்றி, ஃபேன் கூட்டை வெளியே எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உழைத்து மாட்டினேன். சாவியைப் போட்டு, ஒயர்த் துண்டைச் செருகினேன்.

புது மோட்டாரும் இறக்கையை எண்ண விட்டது.

அம்மா டீயோடு வந்து எட்டிப் பார்த்து, "புதுசா இது?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

பழைய மோட்டாரை எடுத்து நேராக பேட்டரியில் கொடுத்துப் பார்த்தேன். கையிலிருந்து துள்ளிப் போகிற மாதிரி சுற்றியது. புது மோட்டார் வாங்கும் முன்பே செய்திருக்க வேண்டிய சோதனை. இன்னொன்றும் இருந்தது, அதற்குப் பம்பரைக் கழற்றவே தேவையில்லை. இரண்டு ஃபேன்களின் கப்ளரும் ஒரே அச்சு. ரேடியேட்டர் ஃபேனுக்கு வரும் ஒயரை ஏசி ஃபேனில் செருகியிருந்தால், ஏசி ஃபேனும் சோம்பியிருக்கும். குற்றம் மோட்டாரில் இல்லை, ஒயரில் என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். இரவு அதையும் செய்து பார்த்து, சோம்பியதைக் கண்ணால் கண்டு, நொந்துகொண்டேன்.

ஆனால் மீட்டர் 12.4 காட்டியதே? அதற்கு விடை தெரியாமல் மறுநாள் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைக்குப் போனேன். அறுபது வயதைத் தாண்டியவர், பஸ், லாரிக்கு ஒயரிங் செய்தே தேய்ந்த விரல்கள். கதையைப் பாதி கேட்டதும், "மீட்டர வெச்சுப் பாத்தியா தம்பி?" என்றார். "ஆமாங்கண்ணா, 12.4 வருது." சிரித்துவிட்டு டப்பாவிலிருந்து ஒரு ஹெட்லைட் பல்பை எடுத்தார். ஒரு ஃபிலமென்ட் போய், மறு ஃபிலமென்ட் உயிரோடு இருக்கும் பழைய பல்பு. இரண்டு ஒயர் பற்றவைத்திருந்தது. ஃபேனின் கப்ளரைக் கழற்றி அந்த இடத்தில் பல்பை மாட்டினார். கடையின் நிழலில் அது சாமி மாடத்து அகல் மாதிரி மஞ்சளாக முணுமுணுத்தது. அதே பல்பை பேட்டரியில் தொட்டுக் காட்டினார். கண்ணைக் கூசியது.

"பாத்தியா. வோல்ட்டு இருக்குது, சரக்கு இல்ல."

அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. விளக்கம் நானே பிறகு கணக்குப் போட்டுப் புரிந்துகொண்டது. மல்டிமீட்டர் வோல்ட் அளக்கும்போது கரண்டை ஏறக்குறைய எடுப்பதே இல்லை. அதன் உள் தடை சுமார் ஒரு கோடி ஓம். வழியில் எங்காவது ஒரு மோசமான இணைப்பு ஒன்றிரண்டு ஓம் தடையோடு உட்கார்ந்திருந்தாலும், மீட்டருக்கு அது தூசு. குழாயில் பாதி அடைப்பு இருந்தால் திறக்காதவரை தெரியாது, திறந்து குடத்தை வைத்தால்தான் நூலாக வருவது தெரியும். ஃபேன் பத்துப் பன்னிரண்டு ஆம்பியர் கேட்கிற ஆள். அந்த ஒன்றிரண்டு ஓம் அதன் கழுத்தை நெரித்துவிடும். மீட்டரில் 'பீப்' சத்தம் வரும் கண்டினியூட்டி சோதனையும் இங்கே உதவாது. பெரும்பாலான மீட்டர்கள் முப்பது, நாற்பது ஓம் இருந்தாலும் சந்தோஷமாகக் கத்தும்.

மீட்டரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கப்ளரைக் கழற்றாமல், ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும், அவ்வளவுதான். கப்ளரின் பின்பக்கமாக ஒயர் ஓரத்தில் குண்டூசியைச் செருகி அதில் மீட்டரை வைத்தேன். மோட்டாருக்குக் கிடைப்பது 5.9 வோல்ட். மீதி எங்கே போனது? ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவ்விலும் மறு முனையை ஃபேனின் பாசிட்டிவ் ஒயரிலும் வைத்தால் 0.4. ஃப்யூஸ், கப்ளர், நீள ஒயர் எல்லாம் சேர்த்து அது நியாயமான செலவு. அடுத்து ஃபேனின் கருப்பு ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் நடுவில்: 6.1. அந்தப் பக்கம் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடம். எர்த்து! கரண்ட் பாடி வழியாக பேட்டரி நெகட்டிவ்வுக்குத் திரும்பும் பாதை.

பேட்டரி நெகட்டிவ்விலிருந்து பாடி தகரத்துக்கு 0.03. பாடியிலிருந்து கருப்பு ஒயருக்கு மொத்தமும். கருப்பு ஒயரைப் பின்தொடர்ந்தால் அது பேட்டரி தட்டுக்குக் கீழே போய் மறைகிறது.

பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டு (ஃபேன் எந்த நேரமும் தானே கிளம்பும், விரலோடு விளையாடக் கூடாது) பேட்டரியையும் தட்டையும் தூக்கினேன். கீழே ஆறு மில்லிமீட்டர் போல்ட் ஒன்று, அதில் வளைய லக், அதாவது ஒயர் முனையில் இறுக்கிய உலோக வளையம். லக் என்று அனுமானித்துக்கொள்ள வேண்டியதுதான். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து, புளி போட்டுத் தேய்க்காமல் பத்து வருடம் கிடந்த பித்தளைச் செம்பு மாதிரி களிம்பு ஏறியிருந்தது. தொட்டால் உதிர்ந்தது. ஒயரின் நூல்களில் நாலைந்துதான் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தன.

காரணம் நான்தான். போன வருடம் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும்போது, குறைந்தால் தப்பு, கூடினால் என்ன என்று கழுத்துவரை ஊற்றினேன். சார்ஜ் ஏறும்போது ஆசிட் பொங்கி வழிந்து தட்டின் ஓட்டை வழியாக நேரே இந்த போல்ட்டின் தலையில் சொட்டியிருக்கிறது. சூடானபோது தடை இன்னும் கூடி, மத்தியானத்தில் ஃபேன் நின்றதும் இதனால்தான்.

சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். நுரைத்துப் பொங்கி அடங்கியது. நுரை நிற்கும்வரை மறுபடி மறுபடி ஊற்றி, நிறையத் தண்ணீரால் கழுவினேன். போல்ட்டைத் திருகியபோது பாதியில் ஒடிந்துவிடுமோ என்று பயந்து, துரு நீக்கும் எண்ணெயை அடித்து ஒரு மணி நேரம் விட்டுத்தான் கழற்றினேன். தகரத்தில் பெயின்டும் துருவும் போய் வெள்ளிப் பளபளப்பு வரும்வரை உப்புத்தாளால் தேய்த்தேன். ஒயரை வெட்டினால் உள்ளே செம்பு கறுத்திருந்தது. ஆசிட் உறைக்குள்ளேயே ஊர்ந்து ஏறியிருக்கிறது. ஒரு அங்குலம், இரண்டு அங்குலம் என்று வெட்டிக்கொண்டே போய், நாலாவது அங்குலத்தில் சிவந்த செம்பு தெரிந்தது. இதை விடக்கூடாது. கறுத்த செம்பில் லக் அடித்தால் ஆறு மாதத்தில் இதே கதை திரும்பும். குறைந்த நீளத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயரைச் சேர்த்து, புது வளைய லக்கை கிரிம்பிங் பிளையரால் இறுக்கி, ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி இறுகும் உறை) போட்டு, பல்லுள்ள வாஷரோடு முடுக்கினேன். இடத்தையும் மாற்றினேன்: பேட்டரிக்குக் கீழே வேண்டாம் என்று ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருந்த இன்னொரு எர்த்து போல்ட்டுக்கு. முடுக்கிய பிறகு மேலே வாஸ்லின் பூச்சு. முடுக்கும் முன் பூசுவதைவிட இதுதான் எனக்குத் திருப்தி.

பிறகு அளந்தது: எர்த்துப் பக்கம் 0.08 வோல்ட். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.1, மோட்டாரில் 13.6. எலக்ட்ரீஷியன் அண்ணாவின் கிளாம்ப் மீட்டரை (ஒயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளப்பது) இரவல் வாங்கி வைத்தால் 11 ஆம்பியர். செய்தித்தாள் கிரில்லில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. பேட்டரியில் நேராகக் கொடுத்துச் சோதிப்பவர்களுக்கு ஒன்று: இந்த வகை மோட்டார் பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்தாலும் சுற்றும், ஆனால் எதிர்ப்பக்கம். காற்றை உள்ளே இழுக்காமல் முன்னால் தள்ளும். சத்தத்தை மட்டும் கேட்டுத் திருப்திப்படாமல் தாளை வைத்துப் பார்ப்பது அதற்குத்தான்.

நடுவில் ஒரு மெக்கானிக் "சாவி போட்டதும் ஃபேன் ஓடற மாதிரி டைரக்ட் குடுத்துடலாங்க, முந்நூறு ரூவா" என்றிருந்தார். அதற்குப் புதிதாக ஒரு எர்த்து இழுத்திருப்பார், ஃபேன் நன்றாக ஓடியிருக்கும், நானும் அவரைக் கெட்டிக்காரர் என்றிருப்பேன். கீழே அந்த ஒயர் அழுகிக்கொண்டே இருந்திருக்கும். ஃபேனும் குளிர்காலக் காலையில்கூட விடாமல் ஓடி, கார்பன் பிரஷ் சீக்கிரம் தேய்ந்திருக்கும்.

இனி தெர்மோஸ்டாட். ஃபேன் சரியானதும் ஊருக்குள் எண்கள் அழகாக வந்தன: 98-ல் ஃபேன் கிளம்பும், 93-ல் நிற்கும். ஆனால் தருமபுரி போகும் வழியில் பைபாஸில் பார்த்தால் 64 டிகிரி. இன்ஜின் குளிரில் ஓடிக்கொண்டிருக்கிறது. தெர்மோஸ்டாட் என்பது ஒரு கதவு. இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுப்பது அதன் வேலை. கதவையே கழற்றிவிட்டால் காற்றுப் பலமாக வரும்போது இன்ஜின் உரிய சூட்டுக்கு வருவதே இல்லை. இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். ஒர்க்‌ஷாப் போய்வந்த பிறகு மைலேஜ் 16-லிருந்து 13-க்கு இறங்கியதற்கு இதுதான் காரணம். நான் பெட்ரோல் பங்க்கைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

பையில் கிடந்த பழைய தெர்மோஸ்டாட்டை வீட்டு அடுப்பில் சோதித்தேன். பாத்திரத்தில் தண்ணீர், அதில் நூலில் கட்டித் தொங்கவிட்ட வால்வு, அடியைத் தொடாமல் ஒரு தெர்மாமீட்டர். வால்வின் தலையில் 82 என்று எண் இருந்தது. 82, 83-ல் மெல்ல வாய் திறந்து, 95-ல் முழுசாகப் பிளந்தது. நல்ல வால்வு, அநியாயமாகக் கழற்றியிருக்கிறார்கள். புது ரப்பர் வளையம் மட்டும் வாங்கி மாட்டினேன். "அது எந்தச் சட்டி?" என்று ஹாலிலிருந்து குரல் வந்தது. அம்மா பால் காய்ச்சும் சட்டி. இப்போது அது கார் ஷெட்டில் இருக்கிறது.

கூலன்ட் மாற்றும்போது போர் தண்ணீரை ஊற்றவில்லை. எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீர் கெட்டிலிலேயே ஓடு கட்டும். பேட்டரி கடையிலிருந்து டிஸ்டில்டு வாட்டர், பாதிக்குப் பாதி கூலன்ட். வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்தி, ஹீட்டரைத் திறந்துவைத்து, குமிழிகள் அடங்கும்வரை இன்ஜினை ஓடவிட்டுத்தான் மூடியைப் போட்டேன். காற்று அடைபட்டிருந்தால் சென்சார் பொய்யான எண்ணைக் காட்டும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

போன ஞாயிறு ஏற்காடு. 20 கொண்டை ஊசி வளைவு, நாலு பேர், ஏசி போட்டபடி, முன்னால் ஒரு டூரிஸ்ட் வேன் முக்கிக்கொண்டு போனதால் பெரும்பாலும் முதல், இரண்டாம் கியர். அதிகபட்சம் 99. பத்தாவது வளைவுக்கு அப்புறம் ஓரத்தில் நின்று, ஏசியை நிறுத்தி, இன்ஜினை ஐடிலில் விட்டுப் பார்த்தேன். 98-ல் ஃபேன் கிளம்பியது, 93-ல் நின்றது. மறுபடி 98. மூன்று முறை பார்த்தேன். பின் சீட்டிலிருந்த தங்கை, "அண்ணா, மலை பாக்க வந்தோமா, போன் பாக்க வந்தோமா?" என்றாள்.

கழற்றிய பழைய மோட்டார் பரணில் இருக்கிறது. சமையலறைப் புகை போக்க அதை ஜன்னலில் மாட்ட முடியுமா என்று அம்மா கேட்டிருக்கிறார். 12 வோல்ட்டுக்கு 11 ஆம்பியர் கொடுக்கும் சப்ளை ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். பால் சட்டிக்கு அதாவது ஈடு.